திரும்பி வரும் வழியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்!



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வே கிடையாது. மார்கழி பிறந்துவிட்டால் முகூர்த்தம் இல்லையே! அதனால் சென்னை, பம்பாய், துபாய் என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் வந்து இறங்குவார்கள். கல்யாணம் முடியும், மறுவீடு முடியும், சொதிச் சாப்பாடும் முடியும். ஊர் திரும்புகிற ரயிலுக்கு மட்டும் இரண்டு நாள் மிச்சம் இருக்கும். "வீட்டுக்குள்ளேயே இருந்து என்ன செய்ய? எங்கயாவது ஒரு எட்டு போயிட்டு வருவோமே!" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார்.

பேச்சு ஆரம்பித்தவுடன் ஆளுக்கு ஓர் ஊர் சொல்வார்கள். ஆனால் அதே இரண்டு மாதம்தான் எங்களுக்கு மழைக்காலமும் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக் கொண்டிருந்தேன். நான் பத்தாவது வரை படித்தவள்தான். ஆனாலும் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே வாக்கப்பட்டு, இந்த மழையோடு முப்பத்தாறு வருஷமாகப் பழகியவள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கத்து மழை என்றால் குற்றாலச் சாரல்தான். அது ஆனி, ஆடி, ஆவணியில் வருவது. மேற்கே கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் மிச்சம் அது. பூப்போலத் தூவும். குழந்தைகளைக்கூட நனைய விடலாம். ஐப்பசி மழை அப்படி அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இது வங்கக் கடலிலிருந்து வருகிறது. காலையில் வத்தல் காயப்போடுகிற மாதிரி வெயில் அடிக்கும். மத்தியானம் மேற்கே மலை கறுக்கும். ராத்திரி ஓட்டைப் பிய்த்துக் கொண்டு ஊற்றும். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி வானம் சிரிக்கும்!

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் ஜில்லாக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. இந்தக் கணக்கு நம்மைப் போன்றவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்து லிட்டர் தண்ணீர். 95 சென்டிமீட்டர் என்றால் 950 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தால் அறுபத்து மூன்று குடம்! அடுப்படியில் நாம் நிற்கிற அந்தச் சின்ன இடத்தில் ஒரே நாளில் அறுபத்து மூன்று குடம் தண்ணீரைக் கொட்டினால் எப்படி இருக்கும்? ஊர் முழுக்க அப்படி நினைத்துப் பாருங்கள்.

அந்த ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக் கொண்டு போய்விட்டது. சுமார் 800 பேர் மாட்டிக் கொண்டார்கள். அதில் பாதிப் பேருக்கு மேல் ரயிலுக்குள்ளேயே. 19-ஆம் தேதிதான் வெளியே கொண்டு வந்தார்கள். அதுவரை பக்கத்து ஊர் மக்கள்தான் சமைத்துப் போட்டார்கள். தங்கள் வீட்டையே வெள்ளம் சூழ்ந்திருந்தபோதும் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரயிலில் இருந்தவர்களில் எத்தனை பேர் முருகனைத் தரிசித்துவிட்டு, மறுநாள் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று நினைத்துக் கொண்டு ஏறியவர்களோ!

எங்கள் சொந்தத்திலும் ஒரு குடும்பம் அப்போது திருச்செந்தூரில் ஒரு விடுதியில் மூன்று நாள் மாட்டிக் கொண்டது. சாப்பாட்டுக்குக்கூட ஏதோ கிடைத்ததாம். அந்த வீட்டுப் பெரியம்மா இன்சுலின் போடுகிறவர். கரண்ட் இல்லை, மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லை, கடையும் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்து அறைக்காரர் ஒருவரிடம் மருந்து இருந்து, அவர் கொடுத்து, பெரியம்மா பிழைத்தார். "ஒரு நாளைக்கு வேண்டியதுதானே எடுத்துட்டுப் போனோம்" என்று அந்த அம்மா இன்றைக்கும் சொல்வார்.

இதையெல்லாம் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. மழைக்காலம் என்று மூன்று மாதம் கதவைச் சாத்திக் கொண்டு இருக்க முடியுமா? அப்படி இருந்தால், வருஷத்தில் ஒரு தடவை வருகிற சொந்தத்தோடு என்றைக்குத்தான் நாலு இடம் போவது?

எங்கள் வீட்டில் நடந்த மந்திராலோசனை!

போன கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்காக என் மதினி வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. ஜெர்மனியில் இருக்கிறார். நாலு வருஷம் கழித்து இப்போதுதான் வந்தார். வியாழக்கிழமை கல்யாணம். ஞாயிறு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய், திங்கள் ராத்திரி விமானம் பிடிக்க வேண்டும். இடையில் சனிக்கிழமை ஒரு நாள்தான் முழுசாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் குற்றாலம். என் மகளுக்கு மாஞ்சோலை. என் மாமியாருக்குத் திருச்செந்தூர். மதினியின் பையனுக்கு வேலை கிடைத்தால் மகளோடு வந்து தரிசிப்பதாக அத்தை வேண்டிக் கொண்டிருந்தார். அத்தைக்கு எழுபத்திரண்டு வயசு. "அடுத்த தடவை இவ வாரப்ப நான் இருக்கேனோ என்னமோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது?

அன்றைக்குப் பேப்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று போட்டிருந்தது. சனிக்கிழமைக்கு எங்கள் ஜில்லாவுக்கு மஞ்சள் எச்சரிக்கை. என் வீட்டுக்காரர், "எப்பவும் இப்படித்தான் சொல்லுவாக" என்றார். அத்தைக்கோ முருகன் கூப்பிட்டால் மழை என்ன செய்யும் என்ற நம்பிக்கை. அத்தையும் சர்க்கரை வியாதிக்காரர். எனக்கு அந்தப் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது மதினி சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. ஜெர்மனியிலும் நவம்பர் மாதம் இப்படித்தானாம். இலையெல்லாம் உதிர்ந்து, ஒரே மூட்டம். எப்போது வெயில், எப்போது மழை, எப்போது பனி என்று சொல்ல முடியாது. சாயந்திரம் நாலரை மணிக்கே இருட்டிவிடுமாம்! ஆனாலும் ரெண்டு நாள் லீவு கிடைத்தால் வீட்டில் இருக்க மாட்டார்களாம். "நாங்க அந்த மாசத்துல மலை மேல, ஏரிக்கரைக்குன்னு போக மாட்டோம். அடிக்கடி ரயில் இருக்கிற ஒரு பழைய ஊரா பார்ப்போம். வெயில் அடிச்சா தெருவுல நடக்கலாம். மழை வந்தா மியூசியம், சர்ச், காபிக் கடைன்னு உள்ள போயிரலாம். ரொம்ப மோசமானா அடுத்த ரயில்ல வீட்டுக்கு வந்திரலாம். நவம்பர் கடைசியில கிறிஸ்துமஸ் சந்தை வேற போட்டிருப்பாக. இடத்தை விட, திரும்பி வாரதுக்கு வழி இருக்கான்னுதான் முதல்ல பார்ப்போம்" என்றார்.

பாருங்களேன்! ஜெர்மனிக்கும் தின்னவேலிக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் மழை வருமா வராதா என்று தெரியாத ஊரில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு எங்கே இருந்தாலும் ஒரே கணக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பேப்பரை எடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் நேராக, "மழை பிடித்தால் எப்படித் திரும்புவது?" என்று எழுத ஆரம்பித்தேன். மளிகைச் சாமான் லிஸ்ட் மாதிரிதான்.

திருச்செந்தூர்: தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. திருச்செந்தூர் போகும் ரோடும் ரயிலும் அந்த ஆற்றின் கடைசிப் பகுதியில், குளமும் வாய்க்காலும் நிறைந்த வயல்காட்டுக்குள் போகின்றன. மேலே பெய்த தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். 2023-இல் ரோடு, ரயில் இரண்டும் ஒன்றாகத்தான் அறுந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்று நம்ப முடியாது.

குற்றாலம்: போக வர பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. ஆனால் அங்கே குளிப்பதைத் தவிர வேறு எதற்குப் போகிறோம்? அருவிக்கு மழை எங்கே பெய்கிறது என்பதுதான் விஷயம். நாம் நிற்கிற இடத்தில் வெயிலாக இருக்கும், மேலே மலைக்குள் கொட்டும். 2024 மே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, எங்கள் ஊரைச் சேர்ந்த பதினேழு வயசுப் பையன் ஒருவன் போய்விட்டான். அது கோடைமழைக் காலம். கார்த்திகையில் கேட்க வேண்டுமா?

மாஞ்சோலை: புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி வேண்டும். ஏறவும் இறங்கவும் ஒரே மலைப்பாதை. மண் சரிந்தால் அவ்வளவுதான். பேப்பரில் அதை அடித்தேவிட்டேன். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாள்.

நாலாவதாக நான் ஒன்று எழுதினேன். பாபநாசம் ரோடு. ஊரை எழுதவில்லை, ரோட்டை எழுதினேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து மேற்கே பாபநாசம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். வழியில் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று மாலையில் பூக் கோத்த மாதிரி ஊர்கள். ஒவ்வொன்றிலும் பார்க்க, வாங்க ஏதாவது உண்டு. எந்த ஊரில் மழை பிடித்தாலும் அங்கேயே வண்டியைத் திருப்பலாம். அம்பாசமுத்திரம் வரை போய்விட்டால் திரும்ப சேரன்மகாதேவி வழியும் உண்டு, முக்கூடல் வழியும் உண்டு, ரயிலும் உண்டு. "பாபநாசம் போறோம்னு கிளம்ப வேண்டாம். எங்க வரைக்கும் மழை விடுதோ அங்க வரைக்கும் போவோம்" என்றேன்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று ராத்திரி மதினியிடம் ஒரு பதினோரு ரூபாயை வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, பூஜை அறையில் முருகன் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். நேர்த்திக்கடனைச் செலுத்த முடியாத நேரத்தில் நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதானே? "அத்தை, தை பிறக்கட்டும். மழை ஓஞ்சதும் நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் அந்த முடிச்சையே பார்த்துக் கொண்டிருந்தார். "சரிம்மா. செந்தூரான் எங்கயும் போயிர மாட்டான்" என்றார். அப்போதுதான் எனக்குச் சாப்பாடே இறங்கியது.

சனிக்கிழமை

காலை ஏழு மணிக்கு வேன் வைத்துக் கிளம்பினோம். லேசான தூறல். முதலில் பத்தமடை. கோரைப்பாய்க்குப் பேர் போன ஊர். கோரையை நனைத்து, கீறி, நூல் மாதிரி மெல்லிசாக்கி நெய்கிறார்கள். பட்டுப்பாய் என்று சொல்லும் உசத்திப் பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். மதினி ஜெர்மனிக்கு ஒரு சின்னப் பாய் வாங்கினார். நெய்கிற பெண்களோடு பேசிக் கொண்டிருந்ததில் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. மாஞ்சோலை இல்லை என்று உம்மென்று வந்த என் மகள்தான் கடைசியில் அங்கிருந்து கிளம்ப மனசில்லாமல் நின்றாள்!

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். அங்கே போய்விட்டு அப்பளம் வாங்காமல் வந்தால் அக்கம்பக்கத்தில் யார் மதிப்பார்கள்? அம்பாசமுத்திரத்தில் காபி. மேற்கே மலை தெரியவில்லை, ஒரே மேகம். ஆனால் மழை இல்லை. பாபநாசம் வரை போகலாம் என்று முடிவு செய்தோம்.

பாபநாசநாதர் கோயிலில் நல்ல தரிசனம். நவகைலாயத்தில் முதல் கோயில் அது. படித்துறைக்குப் போனால் தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் வந்து கொண்டிருந்தது. வேன் டிரைவர், "அக்கா, தண்ணி நிறம் மாறுது. தூசி தும்பு, இலையெல்லாம் வருது பாருங்க. மேல மழை. யாரையும் இறக்காதீங்க" என்றார். அத்தை மேல் படியில் நிற்க, நான் ஒரு சொம்பில் மொண்டு கொடுத்தேன். தலையில் தெளித்துக் கொண்டார். அதுவே ஸ்நானம். மேலே அகத்தியர் அருவிக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். ஒரு மணிக்கு வேனைத் திருப்பிவிட்டோம்.

வீடு வந்து சேர மூன்று மணி. ஐந்து மணிக்குத்தான் மழை பிடித்தது. அதுவும் பெரிய மழை என்று சொல்ல முடியாது. "பாத்தியா? ஒண்ணுமே நடக்கல. அருவிக்குப் போயிருக்கலாம்!" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டினார்.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தோற்றுப் போகிறோம். வேண்டாம் என்று சொல்கிறவளுக்குச் சாட்சி எப்போதும் கிடைக்காது. வெள்ளம் வந்தால் "நல்லவேளை" என்பார்கள், வராவிட்டால் "பயந்தாங்கொள்ளி" என்பார்கள். பத்துத் தடவையில் ஒன்பது தடவை வராதுதான். ஆனால் அந்தப் பத்தாவது தடவை எது என்று யாருக்குத் தெரியும்? பயந்தாங்கொள்ளி என்ற பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும். மதினி ஞாயிறு ராத்திரி நிம்மதியாக ரயில் ஏறினார். எனக்கு அது போதும்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அத்தையைத் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில். கோயிலுக்கு வெளியே நின்று மதினிக்கு வீடியோ போன் போட்டேன். மஞ்சள் முடிச்சை அத்தை தூக்கிக் காட்ட, அங்கே மதினி கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு உள்ளே போய் அத்தையே உண்டியலில் போட்டார்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

1. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். கனமழை என்றால் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிகக் கனமழை 12 முதல் 20 வரை, அதிகனமழை 20-க்கு மேல். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போடுவார்கள். மஞ்சளில் பக்கத்து ஊர் போகலாம், கண்ணை மேற்கே வைத்துக் கொண்டு. ஆரஞ்சும் சிவப்பும் என்றால் பஜ்ஜி போட்டு வீட்டிலேயே சாப்பிடுங்கள்!

2. பேப்பரில் அணை நீர்மட்டம் போடுவார்கள். பெண்கள் அதிகம் பார்க்காத பகுதி அது. பாபநாசம் அணைக்கு முழு அளவு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. அணை காலியாக இருந்தால் மலையில் பெய்வதை அது பிடித்து வைத்துக் கொள்ளும். நிரம்பும் தறுவாயில் இருந்தால் வருகிற தண்ணீரை ஆற்றில்தான் விடுவார்கள். அந்த நாளில் படித்துறை வேண்டாம்.

3. கூரை உள்ள இடம் ஒன்றைக் கைவசம் வைத்துக் கொள்ளுங்கள். எங்கள் ஊரில் நெல்லையப்பர் கோயிலில் இசைத் தூண்களையும் தாமிர சபையையும் நனையாமல் பார்க்கலாம். கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயிலில் கர்ணன், அர்ச்சுனன், ரதி, மன்மதன் சிலைகளைப் பார்க்க அரை நாள் பத்தாது. பிள்ளைகளுக்குக் கொக்கிரகுளத்தில் அறிவியல் மையம் இருக்கிறது.

4. மாத்திரை, இன்சுலின், குழந்தைக்கான மருந்து எல்லாம் மூன்று நாளைக்கு வேண்டியதை எடுங்கள். ஒரு நாள் பயணம்தான் என்றாலும் மூன்று நாளைக்கு!

5. புளியோதரையும் வத்தலும் எடுத்தால் ராத்திரி வரை தாங்கும். மாற்றுத் துணி, துண்டு எல்லாம் துணிப்பையில் இருக்கட்டும். காட்டுக்குள் பிளாஸ்டிக் பைக்கு அனுமதி இல்லை.

6. திரும்பும் நேரத்தை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். போன இடத்தில் பேசினால் ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து நம்மை ஜெயித்து விடுவார்கள்!

கட்டுச்சோறு கட்டுவது, பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது, பெரியவர்களுக்கு மாத்திரை எடுப்பது எல்லாம் நாம்தான். அப்படியானால் எந்த ஊர், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று சொல்வதிலும் நமக்கு ஒரு பங்கு வேண்டாமா? உங்கள் ஊர்ப் பக்கம் மழைக்காலத்தில் போய் வர என்னென்ன வழி வைத்திருக்கிறீர்கள்? நீங்களும் எழுதுங்களேன், தெரிந்து கொள்கிறோம்.

— ஒரு வாசகி, திருநெல்வேலி